தடுத்திருக்க வேண்டிய கோல்



ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வெள்ளைப் பந்தும் நினைவுக்கு வரும். கனடா தேசத்தாருக்கோ ஹாக்கி என்றால் ஐஸ் தரையில், காலிலே சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டந்தான். அங்கே பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை ஒன்று உண்டு. 'பக்' என்று அதற்குப் பெயர். எடை 6 அவுன்சுக்கு மேற்படாது. ஆனால் பலசாலி ஒருவன் மட்டையை ஓங்கி அடித்தால் மணிக்கு 100 மைலுக்கும் மேலான வேகத்தில் அது பாய்ந்து வரும்.

அது பாய்ந்து வரும் வழியிலே ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள வலை. அவன்தான் கோல் கீப்பர். பெரிய ஆட்டங்களில் ஏறக்குறைய 30 முறை அவனை நோக்கி வில்லை வரும். பத்துக்கு ஒன்பதைத் தடுத்துவிட்டால் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்பார்கள். மற்ற ஆட்டக்காரன் தவறினால் பின்னால் நிற்கிறவன் சரிசெய்துகொள்ளலாம். இவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. இவன் தவறினால் வலைக்குப் பின்புறம் சிவப்பு விளக்கு எரியும். கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களும் அதைக் காண்பார்கள்.

பங்கு மடலில் இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கீப்பர்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகுமுன் நாம் செய்யும் ஆத்தும சோதனைக்கு மிகவும் உதவும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

வலைக்குள் விழுந்த எல்லாக் கோலையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. முன்னால் நாலைந்து பேர் சுவர்போல் மறைத்து நிற்க, வில்லை எங்கிருந்து புறப்பட்டது என்றே தெரியாமல் உள்ளே போய்விட்டால் அதைத் தன் குற்றமென்று கீப்பர் எண்ணுவதில்லை. வந்த வில்லை நடுவில் ஒருவன் மட்டையிலே பட்டுத் திசை மாறினாலும் அப்படியே. காவலுக்கு இருந்த தோழர்கள் வழி விட்டுவிட, எதிரிகள் இருவர் தனித்து வந்து, ஒருவன் அடிப்பதுபோல் காட்டி மற்றவனுக்குத் தள்ளிவிட்டு அடித்தாலும் அப்படியே. எந்தக் கீப்பருக்கும் அது விழுந்திருக்கும்.

கெட்ட கோல் என்பது வேறு. வெகு தூரத்திலிருந்து, நடுவில் ஒரு மறைப்பும் இல்லாமல் வந்த அடியை விட்டுவிடுவது கெட்ட கோல். இரண்டு காலுக்கும் நடுவே ஓட விடுவது கெட்ட கோல். தனக்கு அருகே இருக்கும் கம்பத்தின் ஓரமாக நுழைய விடுவது, பலருடைய கணக்கில், எல்லாவற்றிலும் கெட்டது. நேரத்தையும் அவர்கள் கவனிப்பார்கள். தன் கட்சி பாடுபட்டு ஒரு கோல் போட்ட அடுத்த நிமிஷமே இங்கே ஒன்றை விட்டுவிட்டால், தோழர்களுடைய உழைப்பெல்லாம் வீணாகிவிடுகிறது அல்லவா?

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். கோல் கெட்டதா அல்லவா என்பதை வெற்றி தோல்விப் பலகையைப் பார்த்து அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஆறு கோல் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்திலும் கெட்ட கோல் கெட்ட கோல்தான். அது மாத்திரமல்ல. நிற்கக்கூடாத இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது வில்லை கம்பத்தில் மோதித் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியவில்லை, ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நேர்மையுள்ள கீப்பருக்கோ உள்ளுக்குள் தெரியும்: "நான் தடுக்கவில்லை, கம்பம் தடுத்தது." அன்றைக்கு விழாத அந்தக் கோலும் அவன் கணக்கிலே கெட்ட கோல்தான்.

ஞானோபதேச வகுப்பில் சிறுவயதில் நாம் படித்ததும் இதுதானே? ஒரு பாவம் சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு மனச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னோம். நடந்துவிட்ட கேடு எவ்வளவு பெரிது என்பதை மட்டும் வைத்துச் சர்வேசுரன் நம்மைத் தீர்ப்பதில்லை. கண்டோமா, அறிந்தோமா, நம் இடத்தில் நின்றோமா என்று கேட்கிறார். உலகம் விளக்கைப் பார்க்கிறது. அவரோ நிற்கிறவனுடைய இருதயத்தைப் பார்க்கிறார்.

இதை மறந்துபோவதனால் நம்மில் இரண்டு வகையார் இரண்டு விதமாகத் தவறுகிறோம்.

முதல் வகையார், தடுக்க முடியாத கோலுக்காகத் தங்களையே வதைத்துக்கொள்கிறவர்கள். ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவரிடம் காட்டினாள், சொன்னபடி மருந்து கொடுத்தாள், இரவெல்லாம் கண்விழித்தாள், தேவமாதாவை மன்றாடினாள். பிள்ளை போய்விட்டது. பத்து வருஷம் கழித்தும் அவள், "முந்தின நாளே கொண்டுபோயிருந்தால்..." என்று தலையணையை நனைக்கிறாள். அம்மா, அந்த நோய் உங்கள் கண்ணுக்கு மறைவாக வந்தது. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்து, உங்களால் ஆனதையெல்லாம் செய்தீர்கள். இன்றைக்குத் தெரிவதை வைத்து அன்றைய உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். துக்கம் வேறு, குற்றம் வேறு. துக்கத்தைச் சேசுநாதர் சுவாமியின் பாதத்தில் வைத்து அழுங்கள். செய்யாத குற்றத்தைச் சுமக்கும்படி அவர் உங்களிடம் கேட்கவில்லை.

இந்த வீண் மனக்கலக்கம் பெரிய அர்ச்சியசிஷ்டவர்களையும் விடவில்லை. அர்ச். இஞ்ஞாசியார் 1522-ஆம் ஆண்டு மன்ரேசா என்னும் ஊரில் தங்கித் தவம் செய்த காலத்தில், சங்கீர்த்தனம் செய்துவிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப நினைத்து, சமாதானம் இல்லாமல், தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும்படியான சோதனைக்கும் உள்ளானார். பின்பு சர்வேசுரனுடைய கிருபையால் தெளிவடைந்தார். அப்படிப்பட்டவர்தான் பிறகு ஆத்தும சோதனை செய்யும் முறையை உலகத்துக்கே கற்பித்தார்.

இரண்டாவது வகையார், தடுத்திருக்க வேண்டிய கோலுக்கெல்லாம் சாக்குச் சொல்லுகிறவர்கள். கீப்பர்களிலும் இவர்கள் உண்டு. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு ஐஸ் தரையைக் குனிந்து பார்ப்பார்கள், மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், தோழனை முறைப்பார்கள். "எனக்கு முன்கோபம், அது எங்கள் குடும்பத்து ரத்தம்" என்கிறவர், "இந்தக் காலத்தில் கொடுக்காமல் காரியம் நடக்குமா?" என்கிறவர், "எல்லாரும்தான் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள்" என்று அயலாள் பேரைக் கெடுக்கிறவர், எல்லாரும் இந்த வகையைச் சேர்ந்தவர்களே. மறைப்பு ஒன்றும் இல்லாமல், தூரத்திலிருந்து, மெதுவாக உருண்டு வந்த வில்லை அது. பார்த்துக்கொண்டே விட்டுவிட்டோம்.

அருகிலுள்ள கம்பத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். எதிரி ஓரமாக வந்து அடிக்கும்போது கீப்பருக்குக் கிட்டத்தில் ஒரு கம்பம், எட்டத்தில் ஒரு கம்பம். கிட்டத்துக் கம்பத்தோடு உடம்பை ஒட்டி நின்றால் அந்தப் பக்கம் விரற்கடை இடமும் எதிரிக்குக் கிடைக்காது. இது அவர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். ஆனாலும், எதிரி தானே அடிக்கமாட்டான், மறுபக்கம் நிற்கும் தன் தோழனுக்குத்தான் தள்ளுவான் என்று ஊகித்து, கீப்பர் முன்கூட்டியே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவதுண்டு. கீப்பர்கள் தங்கள் பேச்சிலே இதை 'ஏமாற்றுவது' என்றே சொல்லுகிறார்கள். இருக்க வேண்டிய இடத்தை அவன் ஏமாற்றிவிட்டான். அவன் விட்டுப்போன அந்தச் சந்திலே வில்லை நுழைந்துவிடுகிறது.

நம்முடைய கிட்டத்துக் கம்பம் எது? நம் வீடுதான். வெளியிலே எல்லாரிடமும் இனிமையாகப் பேசுகிறவர், வீட்டு வாசற்படி மிதித்ததும் மனைவியிடம் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் எரிந்து விழுகிறார். சபைக் கூட்டத்துக்குத் தவறாத அம்மாள், வீட்டு மூலையில் கிடக்கும் மாமியார் இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துபோகிறார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிற ஆசிரியருக்குத் தம் சொந்த மகனுடைய முகவாட்டம் கண்ணில் படவில்லை. எட்டத்துக் கம்பத்தை நாலு பேர் பார்க்கிறார்கள். ஆகையால் அதைக் காக்கிறோம். கிட்டத்துக் கம்பம் எப்போதும் இருப்பதுதானே என்று விட்டுவிடுகிறோம். நமக்கு விழுகிற கோல்களில் அநேகம் அந்த வழியாகத்தான் விழுகின்றன.

இன்னொரு பாடமும் இதிலே உண்டு. கெட்ட கோல் விழுந்தது வில்லை அடிபட்ட நொடியில் அல்ல. கீப்பர் தன் இடத்தை விட்டு நகர்ந்த நொடியில். பாவ சமயத்தை விலக்கு என்று குருவானவர் ஓயாமல் சொல்லுவது இதனால்தான். "குடிக்க வேண்டுமென்று நான் போகவில்லை, சாமி" என்கிறான் ஒருவன். மெய்யாயிருக்கலாம். ஆனால் கடை இல்லாத தெரு ஒன்றிருக்க, கடை இருக்கிற தெரு வழியாக ஏன் வந்தாய்? "பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை" என்கிறான் மற்றொருவன். வீட்டார் எல்லாரும் உறங்கிய பிறகு கைப்பேசியோடு தனியே ஏன் உட்கார்ந்தாய்? சோதனை வந்தபோது தடுக்க முடியாமல் போயிருக்கலாம். வருமுன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்க முடியும்.

அகந்தையும் இப்படித்தான் கோல் வாங்கித் தரும். பாத்ரிக் ருவா என்பவர் கனடாவின் பேர்பெற்ற கீப்பர்களில் ஒருவர்; ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்ற கட்சிகளில் ஆடியவர். 2002-ஆம் ஆண்டு மே மாதம், டெட்ராயிட் கட்சிக்கு எதிரான ஒரு முக்கியமான ஆட்டத்தில், வலையை நெருங்கி வந்த அடியைத் தடுத்தார். வில்லை தம் கையுறைக்குள் அகப்பட்டுவிட்டதென்று எண்ணி, எல்லாரும் காணக் கையை உயர்த்தினார். வில்லையோ கையுறையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. எதிரி அதைத் தட்டி உள்ளே தள்ளினான். அவருடைய கட்சி அன்று தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. நம்மிடம் இருக்கிறதென்று நாம் உயர்த்திக் காட்டுகிற புண்ணியம் மெய்யாகவே கைக்குள் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, கெட்ட கோல் விழுந்துவிட்டது. சாக்கும் இல்லை. இனி என்ன செய்வது?

கீப்பர்கள் எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லுவது ஒன்று உண்டு. முதல் கெட்ட கோலைவிட ஆபத்தானது, அதையே நினைத்துக்கொண்டு நிற்கையில் விழுகிற இரண்டாவது கோல். மனம் பின்னால் இருக்கும்போது கண் முன்னால் பார்க்காது.

ஸ்வீடன் தேசத்துக் கீப்பர் டொம்மி சாலோ என்பவருடைய கதையைக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்தில் ஒலிம்பிக் போட்டி. அதுவரை ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஸ்வீடன் ஜெயித்திருந்தது. கால் இறுதியில் எதிர்த்து வந்தது பெலாரஸ். அது ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர் இல்லை. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்க, இரு பக்கமும் 3 கோல். அப்போது விளாதிமிர் கோபாட் என்பவர் வெகு தூரத்திலிருந்து ஓர் அடி அடித்தார். வில்லை சாலோவின் தலைக்கவசத்தில் பட்டு மேலெழும்பி, அவருக்குப் பின்னால் விழுந்து, வலைக்குள் போய்விட்டது. 4-க்கு 3 என்று ஸ்வீடன் தோற்றது. தேசமே அவரைத் தூற்றியது. இன்றும் கெட்ட கோல் என்றால் அதைத்தான் பலர் சொல்லுகிறார்கள்.

ஆனால் அதே சாலோதான் எட்டு வருஷங்களுக்கு முன், 1994-ஆம் ஆண்டு, நார்வே தேசத்தில் லில்லஹாமர் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் வலைமுன் நின்றவர். கனடாவுக்கு எதிரான அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்து, ஒருவர்பின் ஒருவராகத் தனித்து அடிக்கும் கட்டத்துக்கு வந்தது. கடைசியாக அடித்த பால் காரியாவின் அடியைச் சாலோ தடுத்தார். அந்த விளையாட்டில் ஸ்வீடனுக்கு முதல் ஒலிம்பிக் தங்கப்பதக்கம் அப்படித்தான் வந்தது. ஒரு மனிதனை ஒரே கோலை வைத்து அளப்பது நியாயமா?

அர்ச். இராயப்பரைப் பாருங்கள். ஜெத்செமனித் தோட்டத்தில் ஆயுதங்களோடு கூட்டம் வந்தபோது அவர் பின்வாங்கவில்லை, வாளை உருவினார். பலத்த அடி அது. அதற்கு எதிரே நின்றார். சில மணி நேரத்துக்குள், பிரதான குருவின் முற்றத்தில், குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலைக்காரி வந்து ஒரு கேள்வி கேட்டாள். பட்டாளம் வந்தபோது அஞ்சாதவர் வேலைக்காரியின் கேள்விக்கு விழுந்தார். தூரத்திலிருந்து மெதுவாக வந்த அடி! ஒருதரமல்ல, மூன்றுதரம்.

அதே இரவில் யூதாசும் விழுந்தான். இருவரும் தங்கள் குற்றத்தை அறிந்தார்கள்; இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் தன் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்து நம்பிக்கை இழந்தான். இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். பிறகு மற்றச் சீஷர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவரைக் கண்டபோது பழைய கணக்கை எடுத்து வாசிக்கவில்லை. தம்மை நேசிக்கிறாயா என்று மூன்றுதரம் கேட்டார். மூன்றுதரமும் தம் மந்தையை அவரிடம் ஒப்படைத்தார். விழுந்த அதே கீப்பரை அதே வலைக்கு முன்னால் மறுபடியும் நிறுத்தினார்.

கடைசியாக, பிறருக்குக் கெட்ட கோல் விழும்போது நாம் என்ன செய்கிறோம்?

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, கனடாவில் எட்மன்டன் கட்சிக்கும் கால்கரி கட்சிக்கும் தீர்மானமான ஆட்டம். இரு பக்கமும் 2 கோல். எட்மன்டன் கட்சியின் ஸ்டீவ் ஸ்மித் என்னும் இளைஞருக்கு அன்று 23-ஆவது பிறந்த நாள். தம் வலைக்குப் பக்கத்திலிருந்து வில்லையை வெளியே அனுப்பப் பார்த்தார். அது தம் கீப்பர் கிராண்ட் ஃபியூரின் காலில் பட்டுத் தம் வலைக்குள்ளேயே போய்விட்டது. அந்தக் கோலிலேயே அவர்கள் தோற்றார்கள். அடுத்த வருஷம், 1987-இல், அதே கட்சி ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோப்பையை முதலில் பெற்றுக்கொண்டவர் தலைவர் வெய்ன் கிரெட்ஸ்கி. அவர் அதை அடுத்தபடியாக யார் கையில் கொடுத்தார் தெரியுமா? ஸ்டீவ் ஸ்மித்தின் கையில்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கமும் உண்டு. கோல் விழுந்தபின் தோழர்கள் சறுக்கிக்கொண்டு வந்து, கீப்பரின் கால் கவசத்தை மட்டையால் லேசாகத் தட்டிவிட்டுப் போவார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். "நாங்கள் இருக்கிறோம், அடுத்ததைப் பார்" என்பது அதன் பொருள். பரீட்சையில் தோற்ற மகனுக்கு, கடனில் விழுந்த தம்பிக்கு, பல வருஷம் பூசைக்கு வராதிருந்து இன்றைக்குக் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி ஒரு தட்டுத் தட்ட நம் கை நீளுமா?

இன்றிரவு படுக்கப் போகுமுன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அர்ச். இஞ்ஞாசியார் கற்பித்த சோதனை நன்றியறிதலோடு தொடங்குகிறது; ஆகவே முதலில், இன்றைக்குக் கிருபையால் தடுத்தவற்றுக்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் செய்யுங்கள். அவை விழுந்தவற்றைவிட அதிகமாகவே இருக்கும். பிறகு விழுந்தவற்றைப் பாருங்கள். மறைவாக வந்ததை அவர் கையில் விட்டுவிடுங்கள். தடுத்திருக்க வேண்டியதைச் சாக்கில்லாமல் ஒப்புக்கொண்டு மனஸ்தாபப்படுங்கள். விளக்கு எரியாமல் தப்பியதையும் மறவாதீர்கள். எந்தக் கம்பத்தை விட்டு நகர்ந்தோம் என்று கண்டு, நாளைக்கு அங்கே நிற்பதாகப் பிரதிக்கினை செய்யுங்கள்.

அதன்பின் நிம்மதியாக உறங்குங்கள். பொழுது விடிந்ததும் வலைக்கு முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள்தான்.